பால நிறுத்தாத, எண்ணெய நிறுத்து

செய்தி வந்தபோது நான் ராயக்கோட்டை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். தக்காளிக் கூடைகளைப் பஸ்ஸின் மேலே ஏற்றுவது பற்றி ஒரு வியாபாரிக்கும் கண்டக்டருக்கும் வாய்த்தகராறு நடந்துகொண்டிருந்தது. போனை எடுத்தால் செல்வின். எஸ்தரின் கணவர். சற்று நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு விளங்கிவிட்டது. அவர் செய்தியைச் சொல்லவே இல்லை. "ஊருக்குக் கொண்டு போகவா, இங்கயே அடக்கம் பண்ணவா? உங்ககிட்ட எதாவது சொல்லியிருக்காளாக்கா?" என்று கேட்டார்.

சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு மதியம், நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று பேசுகிற குரலில் சொன்னாள். தூத்துக்குடிப் பக்கம் கொண்டுபோனால் அவளுடைய அம்மா தினமும் கல்லறையில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். அதனால் ஓசூரே போதுமாம். அதைச் செல்வினிடம் சொல்லி முடித்ததும் என் குரல் உடைந்துவிட்டது. வியாபாரியும் கண்டக்டரும் சண்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவர்கள் மேல் ஆத்திரமாக வந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வரும். எஸ்தரைத் தெரிந்த உங்களுக்கு அவள் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வந்த என்னையும், என் சிடுசிடுப்பையும் தெரியும்.

அவளோடு வேலை செய்தவர்களுக்காகவும், அவள் ஊசியோடு வந்தால் திட்டிவிட்டு, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்ட தாய்மார்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சிலருக்கு அவள் எஸ்தர் சிஸ்டர், சிலருக்கு வெறும் சிஸ்டர். எனக்கு எஸ்தர். என் வயதுக்காரி. பயிற்சி பெற்ற நர்ஸ். கணவருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை கிடைத்ததால் இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தவள். வந்த வருஷத்திலிருந்து போன மார்கழி வரைக்கும் குளிரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

நாற்கரச் சாலைக்காக ஓசூர் முழுவதையும் தோண்டிப் போட்டிருந்த காலத்தில் பெங்களூரிலிருந்து ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. கர்ப்பிணிகளின் ரத்தத்திலும், பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பாலிலும் சில இரசாயனங்கள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று பார்க்கவேண்டும், அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதை எரிக்கிறார்கள், எங்கே குடியிருக்கிறார்கள் என்பதோடு அது எப்படிப் பொருந்துகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். எஸ்தர் ரத்தம் எடுப்பாள், பால் வாங்குவாள். நான் கேள்விகள் கேட்பேன். எனக்குத் தெலுங்கும் கன்னடமும் வரும் என்பதால்தான் அந்த வேலை கிடைத்தது. பொறுமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டில் பிளாஸ்டிக் எரிப்பீர்களா என்று ஒரு கேள்வி. யாரைக் கேட்டாலும் இல்லை என்பார்கள். பேகேப்பள்ளியில் ஒரு வீட்டில் அந்தப் பெண் இல்லை என்று சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஏனென்றால் அடுப்பிலிருந்து வந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. எஸ்தர் என் காலை மிதித்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஈர விறகு எங்கள் வீட்டிலும் இப்படித்தான் மக்கர் பண்ணும், பால் கவரைச் சுருட்டிச் செருகினால்தான் பிடிக்கும் என்றாள். "அதாங்க சிஸ்டர், நாங்களும் அதான் போடறம்" என்று அந்தப் பெண் ஒரு கவரை எடுத்தே காட்டினாள். வெளியே வந்ததும் எஸ்தர் என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ போலீஸ்காரி மாதிரி கேக்குத சாந்தா. பெறவு அவ இல்லன்னு சொல்லாம என்ன செய்வா?" அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவளே கேட்டாள்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விஷயத்தை வீடுகளில் அவள் விளக்கிய விதம் இன்னும் காதில் இருக்கிறது. உப்பு தண்ணீரில் கரையும், வேர்வையில் போய்விடும். பூச்சிமருந்து மாதிரி இந்த இரசாயனங்கள் அப்படியில்லை. கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், வருஷக்கணக்கில் நகராது. வயிற்றில் பிள்ளை வந்தால் அம்மாவின் கொழுப்பு கரையும், அதோடு சேர்ந்து இதுவும் பிள்ளைக்குப் போகும். பிறகு பாலில் போகும். முதல் பிள்ளைக்குத்தான் அதிகம் போகும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பயப்படாதே, உலகத்தில் எல்லா அம்மாவுக்கும் கொஞ்சம் இருக்கிறது என்பாள். எல்லா அம்மாவுக்கும் இருக்கிறது என்பது எப்படி ஆறுதலாகும் என்று எனக்குப் புரியாது. ஆனால் கேட்டவர்களுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

மஞ்சுளாவைப் பற்றி எழுதாமல் எஸ்தரைப் பற்றி எழுத முடியாது. மஞ்சுளா வீட்டுக்கு இப்போது போய்க் கேட்டேன், எழுதுங்க என்றாள்.

கெலமங்கலம் போகிற வழியில் பழைய டிரான்ஸ்பார்மர்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் ஷெட் ஒன்று அப்போது இருந்தது. அதன் பின்னால் லைன் வீடுகள். ஷெட்டில் வேலை செய்கிறவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும். மஞ்சுளாவுக்கு முதல் கர்ப்பம், ஏழாம் மாதம். நாங்கள் போனபோது அவளைக் குப்புறவும் முடியாமல் மல்லாக்கவும் முடியாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மாமியார் இடுப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய கலர் சோடா பாட்டிலில் பழுப்பு எண்ணெய். எஸ்தர் ஒரு சொட்டு வாங்கி உள்ளங்கையில் விட்டு மோந்து பார்த்தாள். என்ன எண்ணெய் என்று கேட்டதற்கு மாமியார் பெருமையாகச் சொன்னார், ஷெட்டில் டிரான்ஸ்பார்மரிலிருந்து வடிக்கிற எண்ணெய், மகன் கொண்டுவருவான், மூட்டுவலி இடுப்புவலிக்கு இதைப் போல மருந்து கிடையாது என்று.

அந்த லைனில் எல்லா வீட்டிலும் அந்தப் பாட்டில் இருந்தது. பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் புருஷன் தவறாமல் கொண்டுவந்து தருகிற பொருள் அது. ஊத்தங்கரைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போகிறவர்கள் இனிப்புப் பெட்டியோடு ஒரு பாட்டில் எண்ணெயும் எடுத்துப் போவார்கள். கொண்டுபோகாவிட்டால் மனத்தாங்கல் வரும். இத்தனை பக்கக் கேள்வித்தாளில் இதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. யாருக்குத் தோன்றும்? பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பிசிபி என்ற இரசாயனம் இருக்கலாம், நாங்கள் தேடிக்கொண்டிருந்தவற்றில் அதுவும் ஒன்று. எஸ்தர் போன் செய்ததும் குழுவின் தலைவரான பெங்களூர் டாக்டர் மறுநாளே கிளம்பி வந்தார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர்.

பரிசோதனை முடிவைத் தனித்தனியாகப் பெண்களுக்குச் சொல்வதில்லை என்பது ஆரம்பத்தில் இருந்த ஏற்பாடு. எஸ்தர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ரத்தத்தையும் பாலையும் கொடுத்தவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டாமா என்று டாக்டரோடு வாதாடினாள். கேட்கிறவர்களுக்குச் சொல்லலாம், ஆனால் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று முடிவானது. மஞ்சுளா கேட்டாள். பையன் பிறந்து மாதம் ஒன்று கடந்திருந்தது, கொழுகொழுவென்று இருந்தான். முடிவு வந்ததும் எஸ்தர் அவளிடம் சொன்னாள், மற்றவர்களைவிட உன் பாலில் அதிகமாக இருக்கிறது, எண்ணெயை இனித் தொடாதே, பால் கொடுப்பதில் தப்பில்லை, கொடு. நான் பக்கத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் உன் பாலில் இருக்கிறது என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகு, அடுத்து வந்ததை எந்தத் தாய் கேட்பாள்? மறுநாளிலிருந்து எங்களை ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாற்றிவிட்டார்கள். நாங்களும் போய்விட்டோம்.

திரும்பி வந்தபோது மஞ்சுளா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு பாயை எடுத்து விரித்தாள். வீட்டில் தொட்டில் இல்லை. மாமியார்தான் சொன்னார், டப்பாப் பால் வாங்கி, போர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்களாம். வயிற்றுப்போக்கு வந்து இரண்டே நாளில் போய்விட்டானாம். மஞ்சுளா எஸ்தருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க சொன்ன நாள்லருந்து ஒரு சொட்டு கூட நான் குடுக்கல சிஸ்டர்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. சொன்னபடி நடந்துகொண்ட பிள்ளை டீச்சரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். இத்தனை வருஷமாகியும் அந்தக் குரல் என்னை விடவில்லை.

திரும்பும் வழியில் எஸ்தர் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். நீ நிறுத்தச் சொல்லவில்லையே, கொடு என்றுதானே சொன்னாய், நானே சாட்சி என்று கத்தினேன். "சொன்னேன்டி. சொல்லிட்டு வந்துட்டேன்லா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அந்த வாரம் முழுக்க அவள் சர்ச்சுக்கும் போகவில்லை, வேலைக்கும் வரவில்லை. செல்வின் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. நீ படுத்திருக்கிற இந்த நேரத்தில் இன்னும் எத்தனை பேர் டப்பா வாங்குகிறார்களோ என்று சொல்லிவிட்டேன். கொடூரமான பேச்சுதான். ஆனால் எழுந்து முகம் கழுவினாள்.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்த விதத்தை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். ஒரு வீட்டில் ஒரு விஷயத்தைச் சொன்னால் மறுநாளும் போவாள், அதற்கடுத்த நாளும் போவாள். வேறு ஊர் என்று அனுப்பினால் மாட்டேன் என்பாள். பிள்ளை மார்பில் வாய் வைத்துக் குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்திருப்பாள். "பால நிறுத்தாத, எண்ணெய நிறுத்து" என்பதைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். அவள் சொன்ன தெலுங்கைக் கேட்டால் தெலுங்கே வேண்டாம் என்று தோன்றும். லைன் வீட்டுப் பெண்கள் அவள் தலை தெரிந்ததும் அவளை முந்திக்கொண்டு அதே உச்சரிப்பில் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஷெட் வாசலில் வேலை விடுகிற நேரத்தில் போய் நின்று, எண்ணெய்க் கறைச் சட்டையோடு வீட்டுக்குப் போகாதீர்கள் என்று ஆண்களிடமும் சொன்னாள். காண்ட்ராக்டர் ஒருமுறை அவளை வெளியே தள்ளாத குறையாக விரட்டினார். மறுநாள் போய் அதே இடத்தில் நின்றாள்.

மஞ்சுளாவின் கணவர் ஷெட் வேலையை விட்டுவிட்டார். எஸ்தருக்கு அதில் ஒரு சின்ன நிம்மதி. பிறகுதான் தெரிந்தது, தளி ரோட்டில் ரோஜாப் பண்ணையில் சேர்ந்து பசுமைக்குடிலுக்குள் மருந்து அடிக்கிறார் என்று. கூட்டமொன்றில் டாக்டர் வாழ்க்கைமுறைக் காரணிகள் என்று பேசியபோது எஸ்தர் எழுந்து நின்றுவிட்டாள். வாடகை கொடுக்க முடிகிற இடத்தில் குடியிருக்கிறாள், கிடைத்த வேலைக்குப் புருஷன் போகிறான், "இதுல எது சார் அவ முறை?" என்று கேட்டாள். தனக்கும் அந்தச் சொல் பிடிக்காது, வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள் என்றார் டாக்டர். அவளுக்கும் கிடைக்கவில்லை. இருவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

பிறகு, நாங்கள் யாரும் எதிர்பாராத நேரத்தில், எஸ்தர் உண்டானாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம், எத்தனையோ ஆஸ்பத்திரி. ஒரு கட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தாள். என்னிடம் சொன்ன அன்று வெட்கத்தில் அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் நடுத்தெருவில் சிரித்தேன். அடுத்த வாரமே, என்னையும் கணக்கெடுப்பில் சேர்த்துக்கொள், எல்லோரிடமும் எடுத்துவிட்டு நான் மட்டும் ஒதுங்கினால் நன்றாக இருக்காது என்று நாற்காலியைப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

கேள்விகளை ஆரம்பித்தேன். மீன் சாப்பிடுவீர்களா என்றதும் சிரித்துவிட்டாள். ஊரிலிருந்து மூட்டை மூட்டையாய்க் கருவாடு வந்து அந்தத் தெருவையே மணக்கவைத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? சிறுவயதில் வீட்டில் பூச்சிமருந்து அடித்ததுண்டா என்று அடுத்த கேள்வி. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலேரியாவுக்காக வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளையாக டிடிடி மருந்து அடித்துவிட்டுப் போவார்களாம், அந்தச் சுவரில் விரலால் படம் வரைந்து விளையாடுவார்களாம். எனக்கு எழுதக் கை வரவில்லை. அவள் சிரிப்பும் நின்றுவிட்டது. "இதுல பாதி எனக்கு வெவரம் தெரியுறதுக்கு முன்ன நடந்தது. இதுல எதுக்குன்னு நீ டிக் போடுவ? சரி, போடு" என்றாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மீதிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். முதல் பிள்ளைக்குத்தான் அதிகம் போகும் என்பதை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

பெண் பிறந்தது. ரூத் என்று பெயர் வைத்தார்கள். எஸ்தரின் பாலையும் மற்றவர்களுடையதைப் போலவே வாங்கி அனுப்பினோம். முடிவுகள் என் கைக்குத்தான் வரும். வந்த அன்று அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது. வந்துவிட்டது, சொல்லட்டுமா என்று கேட்டேன். அந்த உரிமைக்காக டாக்டரோடு மல்லுக்கு நின்றவள் அவள். என் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "வேண்டாம் சாந்தா. தெரிஞ்சாலும் குடுக்கத்தான் போறேன். தெரியாமலே குடுத்துட்டுப் போறேன்."

எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போன ஒவ்வொரு முறையும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கண்ணால் கேட்டுவிடுவாளோ என்று பயந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் கேட்கவே இல்லை.

மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று அவள் சொன்னபோது பால்கட்டு என்றோம். பால் கொடுக்கிற பெண்ணுக்கு மார்பில் கட்டி இருந்தால் வேறு என்ன சொல்வார்கள்? ஊரிலிருந்து வந்திருந்த அவளுடைய அம்மா சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், நானும் சொன்னேன். நர்ஸான அவளே சொன்னாள். எத்தனை பெண்களுக்கு வெந்நீர்த் துணி வைத்து நீவிக் கரைத்துவிட்ட கை அவளுடையது. தனக்கும் வாரக்கணக்கில் நீவிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் பிள்ளை குடிக்க மறுக்கிறது என்று விளையாட்டாகக் குறை சொன்னாள். கரையவில்லை. பெங்களூரில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, பால் இல்லை, புற்று என்றார்கள். நோய் அதற்குள் அக்குளுக்கும் போயிருந்தது.

சிகிச்சை ஆரம்பிக்கவேண்டும் என்றால் பாலை நிறுத்தவேண்டும். பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுகிற வழக்கம் அவள் ஊரிலும் உண்டு, எங்கள் பக்கமும் உண்டு. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அம்மாவின் மனத்திருப்திக்காகப் பூவும் வேண்டும் என்றாள் எஸ்தர். ஓசூர் மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டு போனேன். மோந்து பார்த்துவிட்டு, "நல்லா மருந்தடிச்ச பூவா பாத்துத்தான் வாங்கியிருக்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அம்மா பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். முடிச்சுப் போடும்போது எஸ்தர் ஓவென்று அழுதாள். நோய் என்று சொன்ன அன்று அழாதவள். "வாய் வலிக்க வலிக்க எல்லாரையும் குடு குடுன்னு சொன்னேனே சாந்தா, எம்பிள்ளைக்கு நான் குடுக்க முடியலியே" என்று சொல்லி அழுதாள். அறைக்கு வெளியே ரூத் பசிக்கு அழுதுகொண்டிருந்தது. இரண்டு சத்தத்தையும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்த மாதிரி ஒரு நாள் எதிரிக்கும் வரக்கூடாது.

பிள்ளை பாட்டிலைத் தொடவில்லை. ஸ்பூனில் கொடுத்தால் துப்பியது. நான்கு மாதப் பிள்ளை, அழுது அழுது குரல் கம்மிப்போய், முகம் சுருங்கிவிட்டது. யார் சொல்லித் தெரிந்ததோ, மறுநாள் காலையில் மஞ்சுளா வந்தாள். அவளுடைய இரண்டாவது பிள்ளைக்கு அப்போது ஒரு வயதுக்கு மேல் ஆகியிருக்கும், இடுப்பில் இருந்தது, இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ரூத்தின் அழுகையைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள். தன் பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டாள்:

"என் பாலு எப்படின்னு உங்களுக்குத் தெரியும் சிஸ்டர். குடுக்கட்டுமா?"

எஸ்தர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனத்தில் என்ன ஓடியது என்று நான் ஊகித்து எழுதுவது சரியில்லை. மஞ்சுளாவின் கையைப் பிடித்தாள். "குடு மஞ்சு" என்றாள்.

மஞ்சுளா தரையில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ரூத் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பிறகு பிடித்துக்கொண்டது. எஸ்தரின் அம்மா அடுக்களைக்குள் போய்விட்டார். எஸ்தர் போகவில்லை, திரும்பவில்லை, கண்ணை மூடவுமில்லை. பிள்ளை வயிறு நிறைந்து தூங்குகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு ரூத் சோறு சாப்பிடத் தொடங்கும்வரை மஞ்சுளா நாள்தோறும் கெலமங்கலம் ரோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். எஸ்தருக்கு மருந்து ஏற்றுகிற நாட்களில் பெங்களூருக்கும் கூட வந்தாள். அவர்கள் இருவரும் இறந்துபோன அந்தப் பையனைப் பற்றிப் பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் இருக்கும்போது பேசவில்லை.

மருந்து கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கடைசி வாரங்களில் அவளுக்கு வலி தாங்கமுடியாமல் இருந்தது. ஜெபம் பண்ண வந்த பாஸ்டரிடம், பாட்டு மட்டும் பாடிவிட்டுப் போங்கள் என்றாள். ரூத்துக்கு வயது ஒன்று முடிந்திருந்தது. பிள்ளையைக் கட்டிலில் ஏற்றிப் பக்கத்தில் உட்காரவைத்தால் அம்மாவின் மொட்டைத் தலையைத் தட்டித் தட்டிச் சிரிக்கும்.

மத்திகிரிப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. லைன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். டாக்டர் பின்னால் தனியாக நின்றார். கூட்டத்தில் ஒருவர், அந்த எண்ணெயையும் மருந்தையும் ஆராய்ச்சி பண்ணித்தான் அவளுக்கே வந்துவிட்டது என்றார். இன்னொருவர், கருவாடு அதிகம் சாப்பிடுவாள் என்றார். மண்ணைப் போட்டு முடிக்கவில்லை, அதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். வாயை மூடுங்கள் என்று சத்தம் போட்டுவிட்டேன். அடக்கம் நடக்கிற இடத்தில் அப்படிப் பேசியிருக்கக்கூடாதுதான், மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் எனக்கில்லை. உடம்பில் இருக்கிறது என்று சொல்லலாம், நோய் அதனால்தான் வந்தது என்று சொல்லாதே என்பது எஸ்தர் எங்கள் எல்லோருக்கும் சொன்ன பாடம். ஒரு பெண்ணின் உடம்பில் எங்கிருந்து எது வந்து சேர்ந்தது, எது என்ன செய்தது என்று யாராலும் விரல் நீட்டிக் காட்டமுடியாது. அதுதான் இதில் இருக்கிற பெரிய அநியாயம்.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. துணிமணி, பைபிள், வாட்ச் எல்லாம் செல்வினிடம் இருக்கிறது, இருக்கட்டும். என்னிடம் இருப்பது அவள் கேட்காமல் போன முடிவு. அதிகமா, குறைவா என்று அடக்கத்தன்றே இரண்டு பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இதைப் படித்துவிட்டு நீங்களும் கேட்பீர்கள். செல்வின் கேட்டாலும் சொல்லப்போவதில்லை என்று இருக்கிறேன். அவர் கேட்கவுமில்லை. இந்த உலகத்தில் அதைக் கேட்க உரிமையுள்ள ஒரே ஆள் இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகுகிறாள். அவளுக்கு விவரம் தெரிந்து, ஒருநாள் என்னைத் தேடி வந்து, என் அம்மா எனக்குக் கொடுத்ததில் என்ன இருந்தது என்று கேட்பாள். கேட்டால் அந்த எண்ணைச் சொல்வேன். அதோடு, அது என்னவாக இருந்தாலும் சரி என்று, தெரிந்துகொள்ளாமலே உன் அம்மா உன்னை எடுத்து மார்பில் வைத்தாள் என்பதையும் சொல்வேன். சொல்லிவிட்டு, ரூத் போ என்று சொல்லும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.